எந்த முகத்தை மாட்டுவது?

1

சாவு விழுந்த வீட்டில் 'எப்ப எடுக்கிறீங்க?' என்கிற கேள்விக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படுவது, 'நல்ல போட்டோ ஒண்ணு இருக்கா?' என்பதுதான். வரிச்சிக்குடி, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் என்று காரைக்கால் பக்கம் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இது நடக்கிறது. மதியத்துக்குள் தெருமுக்கில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் நின்றாக வேண்டும். செத்தவர் கட்சிக்காரராகவோ சங்கத்துக்காரராகவோ இருந்துவிட்டால் இந்த இரண்டாவது கேள்வி வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்துவிடுகிறது. குடும்பம் ஒரு படத்தைக் கொடுக்கும். கட்சி இன்னொன்றைக் கேட்கும். பிளக்ஸ் அடிக்கிற தம்பி, 'இதப் பெரிசு பண்ணா ஒடைஞ்சிடும்ணே' என்று சொல்லி மூன்றாவது ஒன்றை எடுத்துக்கொள்வார். எழுபது வருஷ வாழ்க்கைக்கான முகம் பத்து நிமிஷத்தில் முடிவாகிவிடுகிறது. பிறகு ஒவ்வொரு நினைவுநாளுக்கும் அந்த முகம்தான் வரும். மற்ற முகங்கள் பீரோவுக்குள் போய்விடும்.

இதைச் சின்ன நடைமுறைச் சிக்கலாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஒரு பொது மனிதரின் முழு வாழ்வுக்குமாக ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பது, அந்த வாழ்வை யாருடைய கணக்கில் எழுதுவது என்று தீர்மானிக்கிற காரியம். முழு வாழ்வையும் சொல்கிற படம் என்று ஒன்று கிடையாது. எந்தப் படமும் ஒரு வினாடியின் சின்னத் துணுக்குதான். அந்தத் துணுக்கை எடுத்து 'இவர்தான் அவர்' என்று சொல்கிறபோது மிச்ச வாழ்வுக்கு என்ன ஆகிறது, அந்த மிச்சத்தை யார் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

2

தமிழ்ச் சூழலில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி வரலாறு உண்டு. அதன் பெயர் படத்திறப்பு. 1925க்குப் பிறகு சுயமரியாதை இயக்கம் புரோகிதர் இல்லாத கல்யாணத்தைக் கொண்டுவந்தது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாவிலிருந்தும் அது புரோகிதரை வெளியேற்றியது. கருமாதி இல்லை, திதி இல்லை, பிண்டம் இல்லை. அந்த இடத்தில் ஒரு படம். துணி போட்டு மூடியிருக்கும் படத்தை ஒருவர் திறந்துவைப்பார். பிறகு நாலு பேர் பேசுவார்கள். செத்தவரின் ஆன்மா எங்கே போனது என்று பேசமாட்டார்கள். அவர் என்ன செய்தார், எந்தக் கூட்டத்தில் நின்றார், எந்த வழக்கில் உள்ளே போனார் என்று பேசுவார்கள். சடங்கு இருந்த இடத்தில் வரலாறு வந்து உட்கார்ந்தது என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிண்டம் சுமந்த பாரத்தை இப்போது படம் சுமக்கிறது. அதனாலேயே படம் மெல்ல மெல்ல சாமிப்படமாகிவிடுகிற ஆபத்தும் கூடவே வந்தது. சட்டம் போட்டதும் மாலை விழுகிறது, பிறகு சீரியல் பல்பு எரிகிறது, கொஞ்ச நாளில் கண்ணாடியின் மேல் குங்குமப் பொட்டும் வந்துவிடுகிறது. பேசுவதற்காக வைத்த படம் கும்பிடுவதற்காக மாறிப்போகிறது. கும்பிடுகிற படத்துக்கு ஆண்டு தேவையில்லை, இடம் தேவையில்லை. அந்த முகம் எதை எதிர்த்து நின்றது என்கிற தகவலும் தேவையில்லை. எந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது இந்த மாற்றத்தை வேகப்படுத்தவும் செய்யும், தடுக்கவும் செய்யும்.

3

இதற்கு முன்னால் வீட்டுத் துக்கத்தையும் பொது நினைவையும் பிரித்துக்கொள்வது நல்லது. ரோலான் பார்த் புகைப்படம் பற்றி 1980இல் ஒரு சின்ன நூல் வெளியிட்டார். தாய் இறந்த பிறகு பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். எதிலும் தாய் இல்லை. கடைசியில் ஐந்து வயதுச் சிறுமியாக அவள் நிற்கிற ஒரு படத்தில் தன் தாய் முழுசாக இருப்பதைக் கண்டுகொள்கிறார். புத்தகத்தில் வேறு எத்தனையோ படங்கள் அச்சாகியிருக்கின்றன. இந்தப் படம் மட்டும் இல்லை. நமக்கு அது வெறும் ஒரு பழைய போட்டோவாகத்தான் தெரியும் என்பதால் அவர் அதைப் போடவில்லை.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு முகச்சாயல் போதும். மிச்சத்தை அவர்கள் நினைவு நிரப்பிக்கொள்ளும். ஒரு மகளுக்கு அப்பா சிரிக்கிற படம்தான் அப்பா. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தெருவில் நிற்கிறவனுக்கு நிரப்பிக்கொள்ள எதுவும் கிடையாது. அவனுக்குப் படம் கொடுப்பதுதான் எல்லாம். அதனால் 'எந்தப் படத்தில் அவர் அவராக இருக்கிறார்?' என்பது வீட்டுக் கேள்வி. 'இந்தப் படத்தைப் பார்க்கிற, அவரைத் தெரியாத ஒருவருக்கு என்ன தெரியவரும்?' என்பது பொதுக் கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் துஷ்டி வீட்டில் கட்சிக்கும் குடும்பத்துக்கும் மனஸ்தாபம் வருகிறது. வீட்டுச் சுவருக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று இரண்டு படம் இருப்பதில் யாருக்கும் துரோகம் இல்லை.

4

பொதுக் கேள்வி வயதில் தொடங்குகிறது. பெரியார் என்றதும் நம் கண்ணுக்கு வருவது வெண்தாடி, கறுப்புச் சட்டை, கைத்தடி. 1973இல் 94 வயதில் இறந்தவருக்கு அது நியாயமான படம்தான். ஆனால் 1924இல் வைக்கத்துக்குப் போனபோது அவருக்கு 44 வயது. ஈரோட்டில் வியாபாரமும் பதவியும் பார்த்த நடுவயசு மனுஷன் அதையெல்லாம் உதறிவிட்டு ஜெயிலுக்குப் போகிறார். வைக்கம் பற்றிய சுவரொட்டிகளிலும் நாம் வெண்தாடிக் கிழவரைத்தான் போடுகிறோம். இதனால் என்ன நஷ்டம்? அந்த முடிவின் விலை தெரியாமல் போகிறது. தாத்தா கோபப்பட்டால் 'பெரியவர் அப்படித்தான்' என்று விட்டுவிடலாம். சொத்தும் குடும்பமும் உள்ள 44 வயசுக்காரன் ஏன் இப்படிச் செய்தான் என்கிற கேள்வியை அவ்வளவு லேசில் விட முடியாது. கிழவராக்குவது மரியாதை செய்வது மட்டுமல்ல, சாந்தப்படுத்துவதும்தான்.

பாரதி விஷயம் இதற்கு நேர் எதிர். பெரியாருக்குப் படங்கள் ஏராளம். பாரதிக்கு நிஜப் புகைப்படங்கள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த காலத்தில் செல்லம்மாளோடும் குடும்பத்தோடும் எடுத்தவை உண்டு. கடையத்தில் இருந்த நாட்களில் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்தார் எடுத்தவை உண்டு. காரைக்குடிப் படத்தில் தாடியும் கையில் கோலுமாக, வாடிய உடம்போடு ஒரு மனிதர் நம்மைப் பார்க்கிறார். ரா. அ. பத்மநாபன் 1957இல் 'சித்திர பாரதி'யில் படங்களைத் தொகுத்துக் கொடுத்த பிறகு இவையெல்லாம் தெரியாதவை அல்ல. இருந்தும் பள்ளிக்கூடச் சுவரிலும் நாட்காட்டியிலும் நிற்பது புகைப்படம் அல்ல, ஓவியம். முண்டாசு, முறுக்கு மீசை, கறுப்புக் கோட்டு. அந்த உருவத்தைப் பரவலாக்கியது ஆர்யா என்ற பாஷ்யம் வரைந்த படம். 1932இல் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி தேசியக் கொடி கட்டினவர் அவர். அவருக்குத் தேவைப்பட்ட பாரதி போராட்டத்தின் பாரதி. அந்தக் காலத்துக்கு அது நியாயமான தேர்வு.

ஆனால் அந்தப் படம் நிலைத்துப்போனதும் இரண்டு விஷயங்கள் காணாமல் போயின. ஒன்று, பசி. 38 வயதில் செத்துப்போன, கடைசி வருஷங்களில் ஆதரவில்லாமல் அலைந்த உடம்பு. இன்னொன்று செல்லம்மாள். பெண் விடுதலை பற்றி எழுதினவரை மனைவி இல்லாமலேயே ஒரு நூற்றாண்டு மாட்டிவைத்திருந்தோம். 2022இல் கடையத்தில் இருவரும் சேர்ந்திருக்கும் சிலை வந்தபோது பலருக்கு அது புதுசாக இருந்தது என்றால், தேர்ந்தெடுத்த படத்தின் அதிகாரம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

5

வயதுக்கு அடுத்து நிறம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் கொடுக்கிறவர் அதில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறார். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் அட்டையில் 2019இல் பாரதியின் முண்டாசு காவியாக வந்தபோது எழுந்த சர்ச்சை இதைப் பற்றியதுதான். 'ஒரு துணியோட கலருக்கா இவ்வளவு சண்டை?' என்று கேட்டவர்கள் உண்டு. துணியின் நிறம் பற்றி எந்தப் புகைப்படத்திலும் சாட்சியம் இல்லாதபோது, அந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறவரின் விருப்பம் மட்டும்தான் அங்கே இருக்கிறது. அந்த விருப்பத்தைப் பற்றித்தான் சண்டை.

கும்பகோணத்தில் 2022 டிசம்பர் 6ஆம் தேதி, அம்பேத்கர் நினைவுநாளில், காவிச் சட்டையும் நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக அம்பேத்கர் படம் போட்ட சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு இந்து மதத்தை விட்டு வெளியேறினவருக்கு, செத்த பிறகு திருநீறு. இதே டெல்டாவில், வேதாரண்யத்தில், 2019 ஆகஸ்டில் அவர் சிலையை உடைத்தார்கள். உடைப்பது பழைய முறை, நிறம் மாற்றுவது புது முறை. உடைத்த சிலையை மறுபடி வைத்துவிடலாம், வைத்தார்கள். திருநீறு பூசிய படத்தை என்ன செய்வது? அது மரியாதை என்கிற பாவனையில் அல்லவா வருகிறது.

இங்கே கோட்டு சூட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் இடதுசாரி நண்பர்களிடம் ஒரு ரசனை இருக்கிறது. வேலை செய்கிற படம்தான் நிஜம், ஸ்டுடியோவில் கோட்டுப் போட்டு நிற்கிற படம் போலி என்பார்கள். மேல்சட்டை போடக்கூடாது, செருப்பு போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களுக்குக் கோட்டு சூட்டு அலங்காரம் அல்ல, கோரிக்கை. ஒரு விவசாயத் தொழிலாளி ஸ்டுடியோவில் இரவல் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு எடுத்துக்கொண்ட படமும் அப்படித்தான். அவர் யாராக இருந்தார் என்பதை அது சொல்லாமல் இருக்கலாம். யாராக இருக்க விடப்படவில்லை என்பதைச் சொல்கிறது. அதை 'இயல்பா இல்ல' என்று ஒதுக்குவதற்கு நமக்கு உரிமை கிடையாது.

6

ஆக, செத்தவரின் விருப்பம் என்று ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது? தன் நினைவுப் படத்தைத் தானே தேர்ந்தெடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. பகத்சிங் அப்படிப்பட்டவர். 1929 ஏப்ரல் 8இல் டெல்லி மத்திய சட்டசபையில் குண்டு வீசிவிட்டு ஓடாமல் நின்று கைதாவது என்று முடிவாகிவிட்டது. திரும்பி வரப்போவதில்லை என்று தெரியும். அதற்குச் சில நாட்கள் முன்பு அவரும் பதுகேஷ்வர் தத்தும் டெல்லி காஷ்மீரி கேட்டில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பியத் தொப்பி, மழித்த தாடை, நேர்ப் பார்வை. கைதான பிறகு பத்திரிகைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று திட்டமிட்டே எடுத்த படம் அது. நாடு முழுக்கக் காலண்டரிலும் சுவரிலும் பரவியது அதுதான்.

அவருக்கு வேறு படங்களும் இருக்கின்றன. லாகூரில் கல்லூரி நாட்களில் எடுத்த குழுப்படத்தில் தலைப்பாகையோடு இருக்கிறார். 1927இல் போலீஸ் காவலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருக்கும் படத்தில் முடி அவிழ்ந்து கிடக்கிறது. ஆகவே தலைப்பாகை என்பது பொய் இல்லை. ஆனால் 2008இல் நாடாளுமன்ற வளாகத்தில் அவருக்கு வைத்த சிலை தலைப்பாகையோடு வந்தபோது, அவர் கடைசியாகத் தேர்ந்துகொண்ட முகத்துக்குப் பதிலாக விட்டுவிட்டு வந்த முகம் அங்கே நின்றது. 1930இல் சிறைக்குள் இருந்து தான் நாத்திகன் ஏன் என்று எழுதினவர் அவர். அதை 1930களில் ஜீவா தமிழில் கொண்டுவந்தார். தொப்பிப் படம் அந்தக் கட்டுரையோடு ஒட்டும். தலைப்பாகைச் சிலை எந்தச் சாதி, எந்த மதம், எந்த மாநிலம் என்கிற பழைய கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

இதைப் புரிந்துகொள்ள நாம் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. காரைக்காலிலேயே ஓர் ஆள் இருக்கிறார். புனிதவதி என்கிற வணிகர் குடும்பத்துப் பெண், கணவன் தன்னைத் தெய்வம் என்று கும்பிட்டு ஒதுங்கியபின், அவனுக்காகத் தாங்கிய அழகும் சதையும் வேண்டாம், பேய் உரு கொடு என்று கேட்டு வாங்கியதாகச் சேக்கிழார் சொல்கிறார். அவர் சொல்வதை விடுங்கள். அம்மையாரே தன் பாடல்களில் தன்னைக் காரைக்கால் பேய் என்றுதான் பெயரிட்டுக்கொள்கிறார். சோழர் காலத்துச் சிற்பிகள் அந்த விருப்பத்தை மதித்தார்கள். வற்றிய மார்பும் துருத்திய எலும்புமாகத் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தச் செப்புத் திருமேனிகளைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் ஊர் கொண்டாடுவது பெரும்பாலும் கல்யாணப் பெண் புனிதவதியை. மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிற சந்தோஷம் யாருக்கு வேண்டாம்? அது இருக்கட்டும். ஆனால் ஒரு பெண் தன் உருவத்தைத் தானே தேர்ந்துகொண்ட பிறகும் ஊர் அவளை மறுபடி அழகான மனைவியாக்கி மாட்டிவைக்கப் பார்க்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

7

வயது, நிறம், உடை எல்லாவற்றுக்கும் பிறகு வெட்டு. உலகத்திலேயே அதிகம் அச்சான படங்களில் ஒன்று சே குவேராவுடையது. 1960 மார்ச் 5இல் ஹவானாவில் கோர்டா எடுத்தது. முந்தின நாள் துறைமுகத்தில் லா கூப்ர் என்கிற கப்பல் வெடித்துச் செத்துப்போனவர்களுக்கான அஞ்சலிக் கூட்டம் அது. மூலப்படத்தில் ஒரு பக்கம் இன்னொரு மனிதரின் பக்கவாட்டு முகமும் மறுபக்கம் பனை ஓலைகளும் இருக்கின்றன. அவற்றை வெட்டியபோது கூட்டம் போயிற்று, சாவு போயிற்று. துக்கத்திலும் கோபத்திலும் பார்த்த பார்வை எங்கேயோ தூரத்தில் லட்சியத்தைப் பார்க்கிற பார்வையாக மாறிவிட்டது. எதையும் பார்க்காத முகத்தை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். வோட்கா விளம்பரத்துக்கே பயன்படுத்தினார்கள். 2000இல் கோர்டா வழக்குப் போட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

நம் ஊர் பிளக்ஸிலும் தினமும் இதுதான் நடக்கிறது. ஊர்வலத்தில் எடுத்த படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, பின்னால் நீல வானமும் பறக்கிற புறாவும் போட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் கொடி பிடித்திருந்தவர் யார், பின்னால் இருந்த பேனரில் என்ன எழுதியிருந்தது, எல்லாம் போய்விடுகிறது. தலைவர் தனியாக வானத்தில் மிதக்கிறார்.

அந்தப் பக்கத்தில் நின்றவர்களுக்குப் படமே இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. புதுச்சேரியில் 1936 ஜூலை 30இல் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையாவின் முகம் நமக்குத் தெரியும். அந்த 12 பேரில் எத்தனை பேரின் முகம் தெரியும்? கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு எரிக்கப்பட்ட 44 பேரை நாம் பெயர்களாகத்தான் வாசிக்கிறோம், முகங்களாகப் பார்ப்பதில்லை. 1993இல் வாக்காளர் அடையாள அட்டை வருகிற வரைக்கும் கூலிக்காரக் குடும்பங்களில் பலருக்குத் தனிப்படம் என்று ஒன்றே இருந்ததில்லை. இப்போதும் பல அஞ்சலிப் பிளக்ஸ்களில் இருப்பது ரேஷன் கார்டுக்கோ ஆதாருக்கோ எடுத்த முகம். அரசாங்கம் ஆளைக் கண்டுபிடிப்பதற்காக எடுத்த படம், மக்கள் ஆளை நினைத்துக்கொள்வதற்கான படமாகிவிடுகிறது. ஒரு தலைவருக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது படமில்லாதவர்களையும் அந்தச் சட்டத்துக்குள் வைத்துக்கொள்ள ஒரே வழி, கூட்டத்திலிருந்து அவரை வெட்டி எடுக்காமல் இருப்பது.

8

அப்படியானால் என்ன செய்யலாம்? தோழர்கள் படத்தை முடிவு செய்கிற அந்தப் பத்து நிமிஷத்தில் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இது யார், எதற்காக எடுத்த படம்? அவர் விரும்பி நின்ற படமா, போலீசும் அரசும் எடுத்ததா? அவரே தேர்ந்துகொண்ட படம் ஒன்று இருந்தால் அதற்குத்தான் முதல் உரிமை. இதில் எந்த ஓரத்தை வெட்டப் போகிறோம், அங்கே யார் நிற்கிறார்கள்? மனைவியா, தோழரா, கொடியா? படத்தில் இல்லாத நிறத்தை யார் சேர்க்கிறார்கள்? அவர் எதோடு மோதினாரோ அதன் தடயம் இதில் கொஞ்சமாவது இருக்கிறதா? இந்தப் படத்தை அவருடைய எதிரிகள் எந்தச் சங்கடமும் இல்லாமல் தங்கள் மேடையில் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் வேறு படம் தேடுவது நல்லது.

இன்னும் ஒன்று, செலவே இல்லாத காரியம். படத்துக்குக் கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி போடுகிறோம். இரண்டுமே அவர் செய்த காரியங்கள் அல்ல. படம் எடுத்த ஆண்டையும் இடத்தையும் மூன்றாவதாகச் சேர்த்து எழுதலாம். இன்ன வருஷம், இன்ன ஊர், இன்ன மறியல் என்று ஒரு வரி. அந்த வரி வந்துவிட்டால் படம் சாமியாவது கஷ்டம். பார்க்கிறவன், 'அன்னிக்கு என்ன நடந்துச்சு?' என்று கேட்பான். படத்திறப்பில் ஒரு படம்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் கிடையாது. சாஸ்திரத்தை விட்டு வெளியே வந்தவர்கள் உருவாக்கிய நிகழ்ச்சிதானே அது. இளமையில் ஒன்று, போராட்டத்தில் ஒன்று, முதுமையில் ஒன்று என்று மூன்று மாட்டினால் பேசுகிறவர்களும் மூன்று காலத்தைப் பற்றிப் பேசியாக வேண்டியிருக்கும். அவர் எங்கே மாறினார், எங்கே மாற மறுத்தார், எங்கே நம்மோடு சண்டை போட்டார் என்பதெல்லாம் அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது.